ஜப்பான் வாரமும் அப்பாவின் காரும்

மொரீசியஸ் ஆரம்பப் பள்ளியில் ‘தூர தேசத்துப் பண்பாடு’ என்று ஒரு வாரம் ஒதுக்கி, தேசம் ஜப்பான் என்று முடிவானால், ஆசிரியர் முதலில் உலகப் படத்தைச் சுவரில் மாட்டுவார். பிறகு கனத்த குரலில், “பிள்ளைகளே, ஜப்பானிய மொழியை யாராவது கேட்டிருக்கிறீர்களா?” என்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. பின் பெஞ்சில் ஒரு கை உயரும். “மிஸ், மோ பாப்பா சோ லோட்டோ கோஸ் ஸாப்போனே!” அப்பாவின் கார் ஜப்பானிய மொழி பேசுகிறதாம். அடுத்து இன்னொரு கை. அதற்கடுத்து நாலைந்து.

பொய் இல்லை. நம் தீவில் ஓடும் கார்களில் ஏராளமானவை ஜப்பானில் ஓடிவிட்டு, செப்பனிட்டு இங்கே வந்த ரீகண்டிஷன் வண்டிகள். சாவி போட்டதும் ஒரு பெண் குரல் மரியாதையாக, “காதோ கா சோன்யூ சாரேதே இமாசென்” என்று சொல்லும். கார்டு செருகப்படவில்லை என்பதுதான் செய்தி. அங்கே விரைவுச் சாலைச் சுங்கத்துக்கு வண்டியிலேயே செருகி வைக்கும் கார்டு அது. சுங்கச் சாவடியே இல்லாத மொரீசியஸில் அந்த அம்மாள் தினமும் காலையில் கார்டு கேட்டுக்கொண்டிருக்கிறார். பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். திருக்குறளைவிட வேகமாக ஒப்பிப்பார்கள். தமிழ் ஆசிரியர்கள் மனம் தளர வேண்டாம்.

பாடம் தொடங்க வேண்டிய இடம் இந்தக் கார்தான். கிமோனோ, சுஷி, பூ மரம் என்று தொடங்கினால் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். வீட்டு வாசலில் நிற்கும் பொருளிலிருந்து தொடங்கினால் கேள்விகள் தானாக வரும். முதல் கேள்வி: ஏன் ஜப்பான் கார்? அங்கேயும் இங்கேயும் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங் வலப்பக்கம். சமூகவியல் அதோடு முடிந்தது. இரண்டாவது கேள்வி கணக்குக்குத் தங்கச் சுரங்கம்: அந்தக் காரின் ரேடியோவில் நம் நிலையங்கள் பாதிக்கு மேல் ஏன் கிடைப்பதில்லை?

ஜப்பானில் எஃப்எம் 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. பழைய வண்டி ரேடியோக்கள் 90 வரைதான் பிடிக்கும். இங்கே 87.5 முதல் 108 வரை. கரும்பலகையில் 70 முதல் 110 வரை எண்கோடு போட்டு, இரண்டு நிறச் சாக்கட்டியால் இரண்டு நாட்டையும் தீட்டச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படும் இடம் 87.5 முதல் 90 வரை, வெறும் 2.5. நம்முடைய மொத்த அகலம் 20.5. அதில் எட்டில் ஒரு பங்குதான் அப்பாவின் காதுக்கு எட்டுகிறது. மெக்கானிக் மாட்டும் சின்னப் பெட்டி செய்வதும் கழித்தல் கணக்குத்தான்: ஒவ்வொரு நிலையத்தின் எண்ணிலிருந்தும் ஒரே எண்ணைக் கழித்து ரேடியோவுக்குப் புரிகிற இடத்துக்குக் கொண்டுவருகிறது. தசமப் புள்ளி என்றாலே தூங்குகிற பையன் இந்தக் கணக்கில் எழுந்து நிற்பான். வீட்டில் போய் அப்பாவுக்கு வகுப்பு எடுப்பான். அதைத் தாங்குவது அப்பாவின் பாடு.

அடுத்தது பரப்பளவு. ஜப்பான் சுமார் 3,78,000 சதுர கிலோமீட்டர், நாம் சுமார் 2,040. கிட்டத்தட்ட 185 மடங்கு. எண்ணைச் சொன்னால் ‘ஆ’ என்பார்கள், ஒன்றும் ஏறாது. கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டத்தை மொரீசியஸ் என்று வண்ணம் தீட்டி, பக்கத்தில் 185 கட்டங்களை ஜப்பான் என்று தீட்டட்டும். நம் மக்கள்தொகை சுமார் 12.6 லட்சம், அவர்களுடையது சுமார் 12.4 கோடி. ஆகவே நம் கட்டத்தில் ஒரு புள்ளி, அங்கே 98 புள்ளி. 185 கட்டத்தில் 98 புள்ளியைத் தூவிப் பார்த்ததும் பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள்: நெருக்கடி நம்மிடம்தான் அதிகம்! போர்ட் லூயி டிராஃபிக்கில் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இது செய்தியே அல்ல.

ஆனால் இங்கே ஒரு குழி. ஜப்பானில் மூன்றில் இரண்டு பங்கு காடு. மலைக்காட்டில் புள்ளி வைக்க முடியாது. 185 கட்டத்தில் 124ஐப் பச்சையாக்கிவிட்டு, மிச்சம் 61 கட்டத்துக்குள் 98 புள்ளிகளையும் நெருக்கச் சொன்னால்தான் டோக்கியோ ரயிலில் ஏன் மூச்சு முட்டுகிறது என்பது விளங்கும். சராசரியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை ஐந்தாம் வகுப்பிலேயே காட்டிவிடலாம்.

இப்போது தலைப்பாகை விவகாரம். அதாவது காகிதப் போர்வீரர் தொப்பி. ஜப்பானில் மே 5 குழந்தைகள் தினம், 1948 முதல் பொது விடுமுறை. அன்று செய்தித்தாளில் ‘கபுதோ’ மடித்துப் பிள்ளைகள் தலையில் வைத்துக்கொள்வார்கள். ஆசிரியர்கள் பொதுவாகக் கொக்கு மடிக்கத்தான் ஆசைப்படுவார்கள். வேண்டாம். மூன்றாம் வகுப்பில் கொக்கு மடித்தால் அழுகை கேட்கும். கொக்கின் நடுவில் வரும் இதழ் மடிப்பில் காகிதத்தைத் திறந்துகொண்டே மடிக்க வேண்டும், எட்டு வயது விரலுக்கு அது எட்டாது. தொப்பியில் எல்லாமே நேர் மடிப்பு.

சதுரத்தை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்குங்கள். நீளமான மடிப்பு மேலே, கூர்முனை வயிற்றைப் பார்த்தபடி கீழே. மேல் மூலைகள் இரண்டையும் கீழ்முனைக்குக் கொண்டுவந்தால் சாய்சதுரம். கீழே வந்த அந்த இரண்டு முனைகளையும் திரும்ப மேல்முனைக்கு ஏற்றுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் வெளிப்பக்கம் சாய்த்தால் கொம்பு. மிச்சம் கீழே இரண்டு தாள். மேல் தாளை முக்கால் உயரத்துக்கு ஏற்றி, நடுக்கோட்டில் இன்னொரு மடிப்பு மடித்தால் நெற்றிப் பட்டை. பின் தாளை உள்ளே செருகினால் தொப்பி.

எங்கே கெடும்? சாய்சதுரம் ஆனதும் யாராவது அதைத் தலைகீழாகத் திருப்பிவிடுவார்கள். கீழே இருக்க வேண்டியது இரண்டு தாளாகப் பிரியும் முனை. அது மேலே போய்விட்டால் கடைசியில் தலை நுழைய ஓட்டையே இருக்காது. ஓட்டையில்லாத தொப்பியைத் தலைமேல் சமோசா மாதிரி வைத்துக்கொண்டு, “மிஸ், ஃபினி!” (முடிந்தது!) என்று நிற்பார்கள். மருந்து எளிது: முதல் முக்கோணத்திலேயே பிரியும் முனையில் பென்சிலால் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். புள்ளி எப்போதும் வயிற்றுப் பக்கம்.

இதைவிடப் பெரிய சிக்கல் அளவு. ஃபோட்டோகாப்பி ஏ4 தாளில் மடித்தால் தொப்பி நல்ல பெரிய மாம்பழத்துக்குத்தான் பொருந்தும். காரணம் அழகானது: தொப்பியின் சுற்றளவு, நாம் எடுத்த சதுரத்தின் மூலைவிட்டத்துக்குச் சமம். ஏ4-இன் அகலம் 21 செ.மீ. அதில் வெட்டிய சதுரத்தின் மூலைவிட்டம் 29.7. ஏ4 தாளின் நீளமும் அதேதான், இன்னொரு தாளைப் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்கட்டும். ஆகவே நூலால் தலையைச் சுற்றி அளந்து, 3 செ.மீ. கூட்டுங்கள். 52 செ.மீ. தலைக்கு 55. அதை 1.4ஆல் வகுத்தால் சுமார் 39, அதுதான் சதுரத்தின் பக்கம். வகுத்தல் வராத வகுப்பில், விரித்த செய்தித்தாளில் வெட்டிய பெரிய சதுரத்தை மூலைக்கு மூலை மடித்துப் பிரித்து, ஒரு மூலையிலிருந்து அந்தக் கோட்டில் நூலை நீட்டிப் புள்ளி வையுங்கள். புள்ளியிலிருந்து பக்கங்களுக்கு இணையாக இரண்டு கோடு போட்டு வெட்டினால் போதும். ஒரே நூலில் அளவை, வடிவியல், தையற்காரர் மூளை மூன்றும் வந்துவிடும்.

அறிவியலுக்கு நாம் எங்கும் போக வேண்டாம். அங்கே டைஃபூன், இங்கே சிக்லோன். புயல் ஒன்றே, சுழலும் திசைதான் வேறு. வடக்கே கடிகாரத்துக்கு எதிராக, தெற்கே கடிகாரம் போல. ஒரு 25 செ.மீ. அட்டை வட்டத்தின் நடுவில் குண்டூசி குத்துங்கள். ஒரு பிள்ளை அதைக் கடிகாரத்துக்கு எதிராக மெல்லச் சுழற்ற, இன்னொரு பிள்ளை நடுவிலிருந்து விளிம்புவரை அசையாத ஸ்கேலை ஒட்டி நேர்கோடு இழுக்கட்டும். கோடு வலப்பக்கம் வளைந்திருக்கும். திசையை மாற்றிச் சுழற்றினால் இடப்பக்கம். அட்டைதான் பூமி, கோடுதான் காற்று: புயலின் நடுவை நோக்கி ஓடும் காற்று வடக்கே வலப்பக்கமும் தெற்கே இடப்பக்கமும் விலகுவதால்தான் சுழலும் திசை மாறுகிறது. வேகமாகச் சுழற்றினால் கோடு நூடுல்ஸ் ஆகும், அட்டையும் ஜன்னல் வழியே போகும். அப்போது எவனாவது, “வாஷ்பேசின் தண்ணீரும் அப்படித்தானே சுற்றும்?” என்று கேட்பான். இல்லை. அத்தனை சின்னத் தொட்டியில் பூமியின் சுழற்சி தெரியவே தெரியாது, தொட்டியின் வடிவமும் தண்ணீர் ஊற்றிய விதமுமே திசையைத் தீர்மானிக்கும்.

வகாஷியோ என்ற கப்பலின் கதையைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020 ஜூலை 25 அன்று நம் தீவின் பொயின்ட் தெஸ்னியில் பவளப்பாறைமேல் ஏறிய கப்பல் ஜப்பானியருக்குச் சொந்தம், கொடி பனாமா, சீனாவிலிருந்து சிங்கப்பூர் வழியாக பிரேசிலுக்குப் பயணம். உலகப் படத்தில் விரல் வைத்துக் காட்ட இதைவிட நல்ல கோடு கிடைக்காது. சுமார் 1,000 டன் எண்ணெய் கசிந்தபோது ஜனங்கள் துணிக்குள் கரும்புச் சோகையைத் திணித்து மிதவை செய்தார்கள். வகுப்பில் ஒரு பேசின் தண்ணீர், இரண்டு ஸ்பூன் எண்ணெய், ஒரு பிடி காய்ந்த சோகை போதும். சோகை ஈரமாக இருந்தால் ஏற்கெனவே தண்ணீர் குடித்திருக்கும், எண்ணெயை அவ்வளவாக ஏற்காது. முந்தின நாள் வெயிலில் உலர்த்துங்கள்.

தமிழ் வகுப்புக்கு ஹைக்கூ. நம் பள்ளிகளில் தமிழ் ஆசிரியர் வேறு, பொதுப்பாட ஆசிரியர் வேறு என்பதால், வாரத்தைப் பங்கு போட முன்கூட்டியே இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும். இல்லையென்றால் இரண்டு வகுப்பிலும் பிள்ளைகள் தொப்பி மடிப்பார்கள். பாரதியார் 1916இலேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதியிருக்கிறார், நாம் ஒன்றும் அவசரப்படவில்லை. மூன்று வரிக்கு, ஒற்றெழுத்தை விட்டுவிட்டு 5, 7, 5 எழுத்து என்று எண்ணட்டும். பருவத்தைக் காட்டும் சொல் ஒன்று வேண்டும். அங்கேதான் ஆபத்து: தீவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அத்தனை பேரும் பனி கொட்டுவதாக எழுதுவார்கள். கண்ணால் பார்த்த பருவம் மட்டும்தான் என்று கண்டிப்பாகச் சொன்னால் இப்படி வரும்:

லிச்சி பழுக்கும்
வௌவால் முதலில் வரும்
ஏணி தேடுவோம்

சாப்பாட்டில் சுஷி வேண்டாம், ஓனிகிரி என்னும் சோற்றுருண்டை செய்யுங்கள். பாஸ்மதியும் ரேஷன் அரிசியும் ஒட்டாது, பிடித்த கையைத் திறந்ததும் சிதறிவிடும். ஒட்டும் தன்மையுள்ள குட்டை அரிசிதான் வேண்டும். 25 பிள்ளைகளுக்கு ஆளுக்கு 60 கிராம் உருண்டை என்றால் சோறு ஒன்றரைக் கிலோ, அரிசி 700 கிராம். அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு கப்புக்கு ஒன்றேகால் கப் தண்ணீர் வைத்து, வெந்ததும் பத்து நிமிடம் மூடியே வைக்கவும். உள்ளே துளி மாங்காய் அச்சார். பிடிப்பதற்கு உப்புத் தண்ணீர் தொட்ட சுத்தமான கை. கையின் சுத்தம் சந்தேகம் என்றால் (சந்தேகம்தான்) மெல்லிய பிளாஸ்டிக் தாளுக்குள் வைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். காலையில் வடித்த சோற்றை மத்தியானம் வரை வெக்கையில் வைக்கக் கூடாது. சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. பிடித்ததும் தின்றுவிட வேண்டும். அதில் மட்டும் பிள்ளைகள் ஒத்துழைப்பார்கள்.

மிசோ சூப் கொடுக்க நினைத்தால் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். பார்க்கச் சைவம், உள்ளே மீன்தூள். கரேம் என்னும் காவடி விரதத்திலோ கோவிந்தன் பூஜை நடக்கும் சனிக்கிழமைக்கு முந்தின நாளிலோ கொடுத்துவிட்டால் பாட்டி நேரே பள்ளிக்கு வந்துவிடுவார்.

உடுப்புக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிமோனோ போல எதைச் சுற்றினாலும், போட்டவருடைய இடப்பக்கம் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்குக் கட்டும் கட்டு. கூம்புத் தொப்பி, சீன உடை, கண்ணை இழுத்துக் காட்டும் வேடிக்கை எதுவும் வேண்டாம். வகுப்பிலேயே சீன வம்சத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், சீனா வேறு ஜப்பான் வேறு என்று அவர்களே சொல்வார்கள். குச்சியால் சாப்பிடும் வித்தையைக் கற்றுக்கொடுக்கவும் முயல வேண்டாம், மீன்-ஃப்ரீ என்னும் வறுத்த நூடுல்ஸைத் தின்று தின்று ஆசிரியரைவிட நன்றாகப் பிடிப்பார்கள்.

நேரலையில் ஜப்பான் பள்ளியோடு பேச ஏற்பாடு செய்தால் வித்தியாசம் ஐந்து மணி நேரம். இரண்டு நாட்டிலும் கோடை நேர மாற்றம் இல்லை, ஆண்டு முழுவதும் அதே ஐந்துதான். நமக்குக் காலை ஒன்பது, அவர்களுக்குப் பிற்பகல் இரண்டு. பத்து மணிக்குத் தொடங்கலாம் என்று சாவகாசமாக இருந்தால் திரையில் காலி நாற்காலிகளைப் பார்க்கலாம்.

கடைசியில் துடைப்பு. அங்கே பிள்ளைகளே தங்கள் வகுப்பறையைத் துடைக்கிறார்கள். செய்து பார்ப்பதற்கு முன் பெற்றோருக்கு இரண்டு வரிக் கடிதம் அனுப்புங்கள். “கூட்டிப் பெருக்கவா பள்ளிக்கு அனுப்பினேன்?” என்ற கேள்வி நிச்சயம் வரும், பெரும்பாலும் ஆண்பிள்ளையின் வீட்டிலிருந்து. வெள்ளிக்கிழமை கடைசிப் பதினைந்து நிமிடம், ஆளுக்கு ஒரு பழைய துண்டை நாலாக மடித்து, இரண்டு கையும் அதில் ஊன்றி, குனிந்தபடி நேர்கோட்டில் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். துணியைச் சொட்டாத அளவுக்குப் பிழிந்திருக்க வேண்டும். பிழியாவிட்டால் டைல்ஸில் முதல் ஆள் வழுக்குவான், பின்னால் வருபவர்கள் அவன்மேல் விழுவார்கள். ஒரு தடவைக்கு மூன்று பேருக்குமேல் விடாதீர்கள், நடுவில் ஒரு மீட்டர் இடைவெளி இருக்கட்டும். முடிந்ததும் துணிகளை ஜன்னல் கம்பியில் விரித்துக் காயப்போடச் சொல்லுங்கள். பையில் சுருட்டி வைத்தால் திங்கட்கிழமை அது எந்தப் பெஞ்சில் இருக்கிறது என்று தேடவே வேண்டாம்.