ஸ்வாப்பில் விட்ட கோட்டை

உபுண்டு லினக்ஸ் இருந்த கணினியில் நேற்று டெபியன் என்ற இன்னொரு லினக்ஸையும் நிறுவினேன். கணினியைத் தொடங்கும் கோப்புகள் இருக்கும் டிஸ்க் பகுதியான ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் கை வைக்கவில்லை. இரண்டும் அதில் தனித்தனி ஃபோல்டரில் இருந்துகொள்ளும். அங்கே அவ்வளவு உஷாராக இருந்தவன் ஸ்வாப்பில், அதாவது ராம் போதாதபோது கைகொடுக்கும் டிஸ்க் பகுதியில், கோட்டை விட்டேன். இருந்த ஸ்வாப்பையே டெபியனுக்கும் கொடுத்தேன். நிறுவும்போது அது ஃபார்மட் ஆகி, அதன் அடையாள எண்ணான யூயூஐடி மாறிவிட்டது. அப்புறம் உபுண்டுவைத் திறந்தால் பழைய யூயூஐடியைத் தேடிக்கொண்டு 90 விநாடி சும்மா நிற்கிறது! டிஸ்க்தான் போய்விட்டதோ என்று பயந்தே போனேன். எந்தெந்த டிஸ்க் பகுதிகளை இணைப்பது என்று உபுண்டு பார்க்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் புது யூயூஐடியை எழுதியதும் சரியானது.

உபுண்டுவின் பூட் மெனுவில் டெபியனைக் காணோம். அது தெரிந்த கதைதான்: அந்த மெனுவைக் காட்டும் நிரலான க்ரப்பில், 2.06 பதிப்பு முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும். அதை இயக்க க்ரப் அமைப்புக் கோப்பில் ஒரு வரி, பிறகு மெனுவைப் புதுப்பிக்கும் அப்டேட்-க்ரப் கட்டளை. முடிந்தது.

என் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோமை மட்டும் இரண்டுக்கும் பகிரவில்லை. அந்த வம்பு வேண்டாம்.