தவுசண்டா, ஒன் ட்வென்டி ஃபைவா?

"கடைசி லேப்புக்கும் தவுசண்ட்லயே இருக்கட்டுமா, இல்ல ஒன் ட்வென்டி ஃபைவுக்கு இறங்கட்டுமாண்ணே?"

"தவுசண்ட். டயலத் தொடாத தம்பி."

"சரிண்ணே."

பைக் ரேஸில் வேலியோரம் என்னோடு நின்ற இளம் புகைப்படக்காரன் கேட்டது ஷட்டர் வேகத்தை: நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கா (1/1000), நூற்று இருபத்தைந்தில் ஒரு பங்கா (1/125)? இவ்வளவுதான் பேச்சு. படம் கூர்மையாக வந்தது, படங்களைத் தேர்ந்தெடுக்கும் டெஸ்க் எடுத்துக்கொண்டது, யாரும் குறை சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பதில் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. தவறாகச் சொல்லிவிட்டதாக இன்றும் தோன்றவில்லை. காரணங்களை வரிசையாக அடுக்க முடியும். அடுக்கி முடித்த பிறகும் ஏதோ மிச்சமிருக்கிறது, அதுதான் சிக்கல்.

முதல் காரணம் கணக்கு. அவன் நின்றது வளைவின் உள்பக்கம். கையில் 400 மி.மீ. லென்ஸ், பைக் கடக்கும் இடம் சுமார் 30 மீட்டர். அந்தத் தூரத்தில் 2 மீட்டர் நீளப் பைக் ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் ஏறத்தாழ 27 மி.மீ. வரும், 36 மி.மீ. அகலத்தை அழகாக நிரப்பும். கடைசிச் சுற்றில் எதிர்பார்ப்பது ஓவர்டேக்கை. அதாவது ஒரே ஃப்ரேமில் இரண்டு பைக், இரண்டு வேகம். முந்துகிறவர் நொடிக்கு 3 மீட்டர் கூடுதலாக வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1/125-இல் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் இரண்டுக்கும் இடையே 2.4 செ.மீ. வித்தியாசம் விழும். சென்சாரில் அது மூன்றில் ஒரு மில்லிமீட்டர். 6000 பிக்சல் அகலமுள்ள படத்தில் ஐம்பது பிக்சலுக்கு மேல். கேமராவைத் திருப்பி ஒரு பைக்கோடு போனால் மற்றது கரைந்துவிடும். 1/1000-இல் அதே வித்தியாசம் வெறும் 3 மி.மீ., படத்தில் ஆறேழு பிக்சல். இரண்டு ஹெல்மெட்டும், இரண்டு நம்பரும் படிக்கிற மாதிரி இருக்கும்.

இந்தக் கணக்கைப் பார்த்தால் என் பதிலில் ஓட்டையே இல்லை. ஆனால் ஒருவர் தெளிவாகவும் மற்றவர் இழுபட்டும் இருந்தால், யார் யாரைத் தாண்டுகிறார் என்பது பார்த்த கணத்திலேயே புரியும் அல்லவா? இரண்டும் கூர்மையாக இருக்கும் படத்தில் அது புரிய கேப்ஷன் வேண்டியிருக்கிறது.

அடுத்தது சக்கரம். பைக் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். மணிக்கு 108 கி.மீ. என்றால் நொடிக்கு 30 மீட்டர், சக்கரம் 15 முறை சுற்றும். 1/1000-இல் அது 5 பாகைதான் திரும்பியிருக்கும். ஸ்போக் ஒவ்வொன்றையும் எண்ணலாம். சாய்ந்த நிலையில் யாரோ நிறுத்திவைத்த வண்டி போல இருக்கும். 1/125-இல் 43 பாகை திரும்பும், ஸ்போக் கலைந்து வட்டமாகிவிடும், பின்னால் உள்ள டயர் சுவரும் விளம்பரப் பலகையும் கோடுகளாக ஓடும். வேகம் தெரிவது அதில்தான்.

இது பக்கவாட்டில் கடக்கும்போது மட்டும்தான் பிரச்சினை. பிரேக் போட்டு நேராக நம்மை நோக்கி வரும் பைக்குக்கு 1/1000 முழுக்கச் சரி. ஸ்போக் கண்ணுக்குத் தெரியாது, லென்ஸ் துளை எஃப்/5.6 பின்னணியை மங்கலாக்கிவிடும், முன்பக்கம் அமுங்கிய ஃபோர்க்கே வேகத்தைச் சொல்லிவிடும். அங்கே கஷ்டம் ஃபோகஸில்தான். ஹெல்மெட்டின் கறுப்பு வைசரில் பிடிமானம் கிடைக்காமல் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். முன் நம்பர் பிளேட்டின் ஓரத்தில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். முந்துவதும் பெரும்பாலும் பிரேக்கிங்கில்தான் நடக்கும். என் பதில் அந்த இடத்தை நினைத்துச் சொன்னது. அவன் கேட்டது அதற்கடுத்த நொடியை, வளைவின் உச்சியை நினைத்து.

இது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை, தெரிந்தே இருந்தது. கேட்பதற்கு முன்பே அவன் லென்ஸின் நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசரை மோடு 2-க்குத் தள்ளியிருந்தான். பேனிங்குக்கு, அதாவது பைக்கோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பியபடி எடுப்பதற்கு, அதுதான் வேண்டும். மோடு 1 என்றால் நாம் லென்ஸைத் திருப்புவதையே நடுக்கம் என்று எண்ணி எதிர்த்து இழுக்கும். ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாட்டை இடம் மாற்றி ஊன்றியிருந்தான். பாதம் இரண்டும் பைக் வரும் பக்கம் பார்க்காமல், ஷட்டரை அழுத்தப்போகும் இடத்தைப் பார்த்து இருந்தன. இடுப்பை மட்டும் பின்னால் முறுக்கி எடுத்து, பைக்கோடு சேர்ந்து அவிழ்ந்து வந்தால்தான் அழுத்தும் கணத்தில் உடம்பு தளர்வாக இருக்கும், அழுத்திய பிறகும் ஓட்டம் நிற்காது. நின்ற இடமும் யோசித்துப் பிடித்ததே. வளைவின் உள்பக்கம் நின்றால் பைக் நம்மைச் சுற்றி வில்லாகப் போகும், தூரம் அதிகம் மாறாது, அதனால் ஹெல்மெட் முதல் பின் டயர் வரை தெளிவு கிடைக்க வாய்ப்பு உண்டு. நேர்ச்சாலையில் அதே ஷட்டர் வேகம் வைத்தால் நடுவில் ஒரு பகுதி மட்டும் நிற்கும், இரண்டு முனைகளும் கலங்கும்.

இவ்வளவையும் செய்துவைத்தவன் எண்ணைக் கேட்கவில்லை. துணைக்கு ஒரு குரலைக் கேட்டான்.

இப்படி எழுதியதும் மனம் மறுபடி என் பக்கம் சாய்கிறது. பேனிங்கில் தேர்ந்த கைக்கும் வீணாகும் ஃப்ரேம்தான் அதிகம். பயிற்சிச் சுற்றுகளில் அது பரவாயில்லை, அதே பைக் ஒன்றரை இரண்டு நிமிடத்தில் திரும்பி வரும். கடைசிச் சுற்று திரும்பி வராது. வெயில் வேறு. ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் ஒளியுணர்வு, 100-ஆக இருக்கையில் 1/1000-க்கு எஃப்/5.6 என்றால், 1/125-க்கு எஃப்/16 வரை மூட வேண்டும். அங்கே சென்சாரில் உள்ள ஒவ்வொரு தூசியும் வானத்தில் புள்ளியாக நிற்கும். தவிர்க்க வேண்டுமென்றால் லென்ஸின் பின்பகுதியில் செருகும் 3 ஸ்டாப் என்டி ஃபில்டர், ஒளியை எட்டில் ஒன்றாகக் குறைக்கும் கண்ணாடி, வேண்டும். அதைப் போட்டால் பிரேக்கிங் படத்துக்கு ஐஎஸ்ஓவை 800-க்கு ஏற்ற வேண்டிவரும்.

இரண்டையும் எடுக்க வழி இருக்கிறது. 1/1000-இலிருந்து 1/125-க்கு மூன்றிலொரு ஸ்டாப் வீதம் டயலில் ஒன்பது க்ளிக்; பைக் திரும்பும் நேரத்தில் அது நடக்காது. ஆனால் இரண்டாவது செட்டிங்கை ஒரு கஸ்டம் பட்டனில் ஏற்றிவைத்தால், அழுத்திப் பிடித்திருக்கும்வரை 1/125. பிரேக்கிங்கில் நாலு ஃப்ரேம், பிறகு கட்டைவிரலை அமர்த்தித் தொடர வேண்டியதுதான். பழகாத விரலுக்கு இரண்டும் கைநழுவிப்போகும் என்பதும் உண்மை. 1/320 என்று நடுவே நிற்பவர்களும் உண்டு. சக்கரம் 17 பாகை திரும்பும், பின்னணி லேசாக ஓடும், பெரும்பாலும் டெஸ்க்கில் தேறிவிடும். எனக்கு அதில் மனம் ஒப்பியதில்லை. கை தவறி மங்கியதா, வேண்டுமென்றே ஓடவிட்டதா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அவன் இப்போது கேட்பதில்லை. ரேஸ் நாளில் அவன் படங்கள் எல்லாம் 1/1000, எல்லாம் கூர்மை. வேலியோரம் நிற்கும் மற்றவர்களின் படங்களோடு கலந்துவைத்தால் பிரித்தெடுக்க முடியாது. என் ஒரு வார்த்தையால்தான் என்று சொல்வது மிகையாக இருக்கலாம். டெஸ்க்கின் பழக்கமும் அதே திசையில்தான் தள்ளுகிறது.

மறுபடி கேட்டால், "ரெண்டு பைக்ல எதை விடத் தயாரா இருக்க?" என்று முதலில் திருப்பிக் கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். அவன் ஒரு பைக்கைச் சொன்னால் 1/125. ஆனால் முன்னால் போகிற இருவருக்கும் நடுவே அரை நொடிகூட இல்லாமல், கடைசிச் சுற்றுப் பலகையும் காட்டியாகிவிட்ட நிலையில், அப்படிக் கேட்கும் பொறுமை எனக்கு இருக்குமா என்பது வேறு விஷயம். அனேகமாகத் தவுசண்ட் என்றுதான் வாயில் வரும்.