ஸ்கேன் ரெஜிஸ்ட்ரேஷன் போடறீங்களா, கமிட்டில யார் யார்னு முதல்ல பாருங்க

ஆஸ்பத்திரில ஸ்கேன் மெஷின் வைக்க ரெஜிஸ்ட்ரேஷன் எப்படி வாங்கறதுன்னு ரெண்டு மூணு பேர் போன் பண்ணி கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு ஒரேயடியா எழுதிடறேன். நான் டாக்டர் கிடையாது. பழைய வேலூர் மாவட்டத்தை 2019ல வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு மூணா பிரிச்சாங்க இல்ல, அதுல ஒரு ஊர்ல, ஆந்திரா பார்டர் பக்கம், ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரில அட்மின் வேலை பாக்கறேன். எந்த மாவட்டம்னு சொல்ல மாட்டேன், தேவையும் இல்ல, சட்டம் மூணுக்கும் ஒண்ணுதான்.

எங்க மேடம் ரொம்ப நாளா ஸ்கேன் போடணும்னு சொல்லிக்கினே இருந்தாங்க. கர்ப்பிணிங்க வெயில்ல பஸ் புடிச்சு வேலூர் வரைக்கும் போய் ஸ்கேன் எடுத்துக்கினு சாயந்தரம் ரிப்போர்ட்டோட திரும்பி வர்றத பாத்தா யாருக்குமே அப்படித்தான் தோணும். ஒரு ரேடியாலஜிஸ்ட் வாரத்துல சில நாள் வர்றேன்னு ஒத்துக்கிட்டாரு, அப்புறம் தான் பேப்பர் வேலை என் தலைல வந்து விழுந்துச்சு.

கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கற எந்த இடமா இருந்தாலும் பிசிபிஎன்டிடி சட்டத்துல ரெஜிஸ்டர் பண்ணியாகணும். 1994ல வந்த சட்டம், 2003ல திருத்தி பேரையே மாத்தினாங்க. கருவுல இருக்கறது ஆணா பெண்ணான்னு சொல்றத தடுக்கறதுக்குத்தான் இது. நம்ம தமிழ்நாட்டுல இது ஏதோ வடநாட்டுப் பிரச்சனைன்னு நினைக்கிறவங்க இருக்காங்க, பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992ல தொட்டில் குழந்தை திட்டத்தை சேலத்துல ஏன் ஆரம்பிச்சாங்கன்னு அவங்க கொஞ்சம் யோசிச்சு பாக்கணும். சேலமும் தர்மபுரியும் நமக்கு எவ்ளோ தூரம்?

மாவட்டத்துல இதுக்கு அதிகாரி ஜேடி, அதாவது நலப்பணிகள் இணை இயக்குநர். ஃபார்ம் ஏங்கற அப்ளிகேஷன் ரெண்டு காப்பி, டாக்டர் சர்டிபிகேட், கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன், ஆணா பெண்ணான்னு பாக்கவும் மாட்டோம் சொல்லவும் மாட்டோம்னு அஃபிடவிட், மெஷின் கம்பெனி பேர் மாடல் எல்லாம் குடுக்கணும். ஸ்கேன் மட்டும்னா பீஸ் 25,000 ரூபா, கவுன்சிலிங் லேப்னு சேர்ந்து நடத்தற இடமா இருந்தா 35,000, டிடியா எடுத்துக்கங்க. பலபேர் இங்க மாட்டிக்கறது மெஷின் விஷயத்துலதான். ரெஜிஸ்ட்ரேஷன் இல்லாதவங்களுக்கு மெஷின் விக்கக் கூடாதுன்னு ரூல், ஃபார்ம்ல பாத்தா மெஷின் விவரம் கேக்கறாங்க. நாங்க கம்பெனிகிட்ட கொட்டேஷன் வாங்கி மேக், மாடல், எத்தனை ப்ரோப்னு அதுல போட்டு வாங்கி வச்சோம், மெஷின் வரல. விக்க வந்த பையன், "சார் இப்பவே இறக்கிடலாம், பேப்பர் அப்புறம் பாத்துக்கலாம்"னான். அப்படி இறக்கிடாதீங்க. மாட்டினா மெஷினுக்கு சீல் வச்சிருவாங்க, அதோட கேஸ் வேற.

இப்ப மெயின் விஷயத்துக்கு வர்றேன். ஜேடி தனியா முடிவு எடுக்கறது கிடையாது. அவருக்கு ஆலோசனை சொல்ல ஒரு அட்வைசரி கமிட்டி இருக்கு, அது சொல்றதையும் பாத்துட்டுதான் ரெஜிஸ்ட்ரேஷன் குடுக்கறதோ மறுக்கறதோ, கேன்சல் பண்றதும் அப்படியே. அந்தக் கமிட்டில யார் இருக்கணும்னு சட்டத்துல 17வது பிரிவுல எழுதியே வச்சிருக்காங்க. மகப்பேறு, குழந்தைகள், மரபியல் இந்த மாதிரி துறைல இருந்து மூணு டாக்டருங்க. சட்டம் தெரிஞ்சவர் ஒருத்தர். செய்தி விளம்பரத் துறை அதிகாரி ஒருத்தர், நம்ம ஊர்ல அது பிஆர்ஓ, அதாவது மக்கள் தொடர்பு அலுவலர். அப்புறம் மூணு சமூக சேவகருங்க, அதுல ஒருத்தராவது பெண்கள் அமைப்புல இருந்து வரணும். கூட்டிப் பாருங்க, எட்டு பேர், அதுல டாக்டர் மூணே பேர். நானும் எல்லாரையும் போல இது டாக்டருங்க டாக்டருங்களுக்கு குடுக்கற லைசென்ஸ்னுதான் நினைச்சிருந்தேன், அஞ்சு பேர் வெளி ஆளுங்கன்னு படிச்சப்ப எழுந்து உக்காந்தேன்.

ஜேடி ஆபீஸ்ல இதைப் பாக்கற செக்‌ஷன்ல இருந்த அம்மாகிட்ட போய், "அம்மா, கமிட்டி மெம்பருங்க யாருன்னு தெரிஞ்சுக்கலாமா?"ன்னு கேட்டேன். "இன்னாத்துக்கு தம்பி, யாரையாவது புடிக்கப் போறியா?"ன்னாங்க. "இல்லம்மா, ஃபைல யார் படிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சா அதுக்கு தகுந்த மாதிரி பேப்பர் வைக்கலாம்னு பாக்கறேன்"ன்னேன். சிரிச்சிக்கினே கமிட்டி போட்ட ஆர்டரை எடுத்து காட்டினாங்க. ஒரு வேளை உங்க ஊர்ல காட்டலன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கட்டி கேளுங்க, ஆலோசனைக் குழுக்களோட விவரத்தை அலுவலகங்க தானாவே வெளியிடணும்னு அந்தச் சட்டத்துலயே 4வது பிரிவுல இருக்கு, ரகசியம்லாம் ஒண்ணும் கிடையாது.

அந்த ஆர்டர்ல நான் கவனிச்சது என்னன்னா, டாக்டருங்க பேருக்குப் பின்னாடி எம்டி, டிஜிஓ, எந்த ஆஸ்பத்திரின்னு ஒரு வரி பூரா இருக்கு, வக்கீலுக்கு வழக்கறிஞர்னு இருக்கு, பிஆர்ஓக்கு பேரே இல்ல பதவி மட்டும்தான், யார் அந்த சீட்ல வந்தாலும் அவர்தான் மெம்பர். சமூக சேவகர் மூணு பேருக்கும் "சமூக சேவகர்"னு மட்டும்தான். என்ன சேவை, எத்தனை வருஷம், எந்த அமைப்பு, ஒண்ணுமே இல்ல. சட்டம் "சிறந்த" சமூக சேவகர்னு சொல்லுது, ஆனா சிறந்ததுக்கு அளவுகோல் எதுவும் அந்தப் பிரிவுல குடுக்கல. என்னைக் கேட்டா இந்த இடம் ஓட்டை. டாக்டருக்கு சர்டிபிகேட் கேக்கற சட்டம் இவங்களுக்கு குறைஞ்சபட்சம் ரெண்டு வரி பயோடேட்டாவாவது போட சொல்லிருக்கலாம், இல்லன்னா கட்சிக்காரர் யாராவது உள்ள வந்து உக்காந்தா யார் கேக்கறது. விசாரிச்சுப் பாத்ததுல எங்க கமிட்டில ஒரு அம்மா பீடி சுத்தற பொம்பளைங்க மத்தியில பல வருஷமா வேலை செய்றவங்க, இன்னொருத்தர் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். மூணாவது ஆளைப் பத்தி யாருக்கும் ஒண்ணும் தெரியல.

அதுக்கப்புறம் ஃபைலை நான் மறுபடி பிரிச்சு அடுக்கினேன். டாக்டர் பாக்கற பேப்பர் தனி, வக்கீல் பாக்கற பேப்பர் தனி. வக்கீலுக்கு அஃபிடவிட்ல தேதி, நோட்டரி சீல், கட்டிட வாடகை அக்ரிமெண்ட்ல இருக்கற விலாசமும் ஃபார்ம் ஏல இருக்கற விலாசமும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். டோர் நம்பர்ல பழைய நம்பர் புது நம்பர் தகராறு நம்ம ஊர்ல எல்லாத்துலயும் இருக்கும், முன்னாடியே சரி பண்ணிடுங்க.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஜேடியோட சேர்ந்து கமிட்டில இருந்தும் சிலபேர் வந்தாங்க. குழந்தை டாக்டர் சார் அதிகம் பேசல, யார் ஸ்கேன் எடுப்பாங்க, அவருக்கு என்ன குவாலிபிகேஷன், எந்தெந்த நேரம் வருவாருன்னு மட்டும் கேட்டாரு, அவரோட டைம் போர்டுல எழுதி இருக்கணும்னாரு. வக்கீல் நேரா ரிசப்ஷனுக்கு வந்து, "சட்டம் ரூல்ஸ் புக் எங்க?"ன்னாரு. பேஷண்ட் யார் கேட்டாலும் படிக்கக் குடுக்க ஒரு காப்பி வச்சிருக்கணும்னு ரூல் இருக்கு, நல்லவேளை டிராயர்ல வாங்கி வச்சிருந்தேன். அப்புறம் ஸ்கேன் விவரம் பதியற ஃபார்ம் எஃப் பத்தி பத்து நிமிஷம் கிளாஸ் எடுத்தாரு. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் அதை நிரப்பணும், ஒரு கட்டம் காலியா விட்டா கூட சும்மா கிளரிக்கல் மிஸ்டேக்னு தப்பிக்க முடியாது, 2019 மே மாசம் சுப்ரீம் கோர்ட் மகப்பேறு டாக்டர் சங்கங்களோட கேஸ்ல அதைத்தான் சொல்லிச்சுன்னாரு. முதல் தடவைக்கே மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டு. எங்க ரிசப்ஷன் பொண்ணு முகம் அப்படியே வெளுத்துப் போச்சு.

பீடி சங்கத்து அம்மா கேட்டது வேற ரகம். ஸ்கேன் ரூம் உள்ள போய் பெட் பக்கத்துல நின்னு பாத்துட்டு, "மாமியார் எங்க நிப்பாங்க?"ன்னாங்க. எங்களுக்கு புரியல. "கதவுகிட்ட நிக்க விட்டீங்கன்னா டாக்டரு முகத்தை பாத்துக்கினே இருப்பாங்க, அவரு சும்மா சிரிச்சா கூட இவங்களா ஒண்ணு முடிவு பண்ணிக்கினு போவாங்க, கர்ட்டன் போடுங்க"ன்னாங்க. அப்புறம் ஃபார்ம் எஃப்ல ஏற்கனவே எத்தனை பையன் எத்தனை பொண்ணு, என்ன வயசுன்னு ஒரு கட்டம் இருக்கு, அதைக் காட்டி ரெண்டு பொண்ணு இருக்கறவங்க மூணாவதுக்கு ஸ்கேனுக்கு வந்துட்டு அப்புறம் செக்கப்புக்கே வரலன்னா நர்ஸம்மா போன் போட்டு கேப்பீங்களான்னாங்க. மேடம் அதை குறிச்சிக்கிட்டாங்க. ஹெட்மாஸ்டர் சார் பார்க்கிங் எங்க, டாய்லெட் எத்தனைன்னு கேட்டாரு, அது வேற டிபார்ட்மெண்ட் கேள்வி, ஆனா பெரியவர், பதில் சொல்லித்தான் ஆகணும்.

பிஆர்ஓ ஆபீஸ்ல இருந்து வந்தவர் போர்டை மட்டும்தான் பாத்தாரு. ஆணா பெண்ணான்னு இங்க சொல்றதில்ல, அது தண்டனைக்குரிய குற்றம்னு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் போட்டிருந்தோம். "பலமநேர், சித்தூர் பக்கத்துல இருந்து ஆளுங்க வர்றாங்களே, தெலுங்கு வேணாமா, உருது?"ன்னாரு. நியாயமான பேச்சு. அடுத்த நாளே நாலு மொழில எழுதி மாட்டிட்டோம், உருது எழுத மட்டும் ஆள் தேடி அலைஞ்சேன். ஃபார்ம் எஃப்ல கர்ப்பிணி கையெழுத்து போடற உறுதிமொழியையும் தெலுங்குல ஒண்ணு ரெடி பண்ணி வச்சோம்.

சங்கடமான ஒரு விஷயமும் இருக்கு. கமிட்டில இருக்கற டாக்டருங்கள்ல ஒருத்தருக்கு சொந்தமா ஸ்கேன் இருக்கு, எங்ககிட்ட இருந்து ரொம்ப தூரம் இல்ல. நாம மெஷின் போட்டா அவருக்குத்தான் கூட்டம் குறையும். ஆணா பெண்ணான்னு சொல்ற வேலைல சம்பந்தப்பட்டவங்க மெம்பர் ஆகக் கூடாதுன்னு அதே 17வது பிரிவுல இருக்கு, இவர் அப்படி இல்ல, நல்ல பேர் உள்ளவர். ஆனா போட்டி போட்டிதானே. சின்ன ஊர்ல மகப்பேறு டாக்டர் வேணும்னா ஸ்கேன் இல்லாத டாக்டரை எங்க போய் தேடறது, அதுவும் புரியுது. அவர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரல, கூட்டத்துல எங்க ஃபைல் வந்தப்ப இருந்தாரா எழுந்து போனாரான்னு நான் கேக்கல. எழுந்து போயிருக்கணும், அதை மினிட்ஸ்லயும் எழுதணும், இது என் அபிப்பிராயம்.

கமிட்டி கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவுல 60 நாளுக்கு மேல இடைவெளி இருக்கக் கூடாதுன்னு ரூல். அதனால நீங்க அப்ளிகேஷன் குடுக்கறதுக்கு முன்னாடி போன கூட்டம் எப்ப நடந்துச்சுன்னு கேட்டுக்கங்க. கூட்டம் முடிஞ்ச மறுநாள் போய் குடுத்தீங்கன்னா அடுத்ததுக்கு தேவுடு காக்கணும். எங்களுதுல மெஷின் கம்பெனி கொட்டேஷன்ல மாடல் பேர்ல ஒரு எழுத்தை தப்பா அடிச்சு அனுப்பி, அதை திருத்தி வாங்கறதுக்குள்ள ஒரு கூட்டம் போயிடுச்சு. ஒருவேளை ரிஜெக்ட் ஆச்சுன்னாலும் 90 நாளுக்குள்ள குறையை சரி பண்ணி மறுபடி போட்டா திரும்ப பீஸ் கட்ட வேணாம், இது பல பேருக்கு தெரியாம டிடிய மறுபடி எடுக்கறாங்க.

ஃபார்ம் பி, அதாவது ரெஜிஸ்ட்ரேஷன் சர்டிபிகேட், கைக்கு வந்ததும் ஃபிரேம் போட்டு எல்லாருக்கும் தெரியற இடத்துல மாட்டணும், அஞ்சு வருஷத்துக்கு செல்லும். அதோட காப்பிய குடுத்து மெஷினை இறக்கினோம், சீரியல் நம்பரை ஜேடி ஆபீஸுக்கு எழுதிக் குடுத்து கையெழுத்து வாங்கி வச்சிருக்கேன். ரேடியாலஜிஸ்ட் மாறினாலோ மெஷின் மாத்தினாலோ 30 நாளுக்கு முன்னாடியே சொல்லணும். மாசா மாசம் 5ம் தேதிக்குள்ள போன மாச ரிப்போர்ட் போகணும், எங்க ரிசப்ஷன் பொண்ணு இப்ப 1ம் தேதியே ரெடி பண்ணிடுது. உங்க மாவட்டத்துல கமிட்டி ஆர்டர் கிடைக்கலன்னா சொல்லுங்க, மனு எழுதற ஃபார்மட் என்கிட்ட இருக்கு, அனுப்பறேன்.