யார் போட்டு உடைச்சது?

எங்கள் வீட்டில் கண்ணாடி டம்ளர் ஒன்று கீழே விழுந்தால் அடுத்த நொடியே அப்பாவின் குரல் வரும். "யாரு போட்டு உடைச்சது?" அவர் எந்த அறையில் இருந்தாலும் சரி, தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி. அதே டம்ளரை அவர் கை தட்டி விழுந்தால் கேள்வி கொஞ்சம் மாறும்: "இதை யாரு இங்க கொண்டுவந்து வச்சது?" அந்த வயதில் இதில் எனக்கு எந்த முரணும் தெரியவில்லை. ஏதாவது உடைந்தால் அதற்கு ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும், அந்த ஆள் நாமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது.

அப்பா கெட்டவர் இல்லை, அடித்ததும் கிடையாது. செய்தவனைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் அவனுக்குப் பொறுப்பு வரும் என்று உண்மையாகவே நம்பினார். எனக்கு வந்தது வேறு. டம்ளர் தரையைத் தொடுவதற்குள் பதிலைத் தயார் செய்யும் திறமை.

திருமணமான புதிதில் மாமியார் வீட்டில் ஒரு டம்ளரை நழுவவிட்டேன். சில்லென்று சத்தம் கேட்டதும் நான் பேச ஆரம்பித்துவிட்டேன். டம்ளர் ஈரமாக இருந்தது, மேசை ஓரத்தில் வேறு இருந்தது, வெளிச்சமும் போதவில்லை. மாமியார் அதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. "காலை எடுக்காதீங்க மாப்பிள்ளை, அப்படியே நில்லுங்க, குத்திடும்" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துவந்து பெருக்கிவிட்டுப் போய்விட்டார். மனைவி சிரித்துக்கொண்டே கேட்டாள், "உங்களை யாரு என்ன கேட்டாங்க?" யாரும் கேட்கவில்லைதான். முப்பது வயது ஆள், உடைந்த கண்ணாடிக்கு நடுவில் நின்றுகொண்டு, பக்கத்திலேயே இல்லாத அப்பாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக யோசித்தேன், இந்தப் பழக்கம் வேறு எங்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று. அலுவலகத்தில் என் கணக்கில் ஒரு தவறு வந்தால், அதைத் திருத்தும் முன்பே அது எப்படி என் தவறு இல்லை என்று மூன்று காரணங்களோடு ஒரு மின்னஞ்சல் மனதுக்குள் ஓடும். சில நேரம் அதை அனுப்பியும் இருக்கிறேன். ஐந்து நிமிட வேலைக்கு அரை மணி நேரம் விளக்கம். கூட வேலை செய்பவர்கள் என்னை நேர்மையான ஆள் என்றுதான் சொல்வார்கள், பணத்தில் நேர்மைதான், ஆனால் "நான்தான் தப்பு பண்ணேன்" என்ற மூன்று சொல் மட்டும் தொண்டையில் சிக்கும்.

இவ்வளவையும் அப்பா தலையில் கட்டுவது நியாயமா என்று கேட்டால், முழுக்க நியாயமில்லை. அதே வீட்டில், அதே கேள்வியைக் கேட்டு வளர்ந்தவள்தான் என் அக்கா. அவள் "நான்தான் உடைச்சேன், இப்ப என்ன?" என்று நிற்பாள். இப்போதும் அப்படித்தான். ஆராய்ச்சிகளும் இதைத்தான் சொல்கின்றன. சின்ன வயதிலேயே பிரிக்கப்பட்டு வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையர்களை மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1979 முதல் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்கள் தனித்தனி வீட்டில் வளர்ந்தாலும், குணத்தில் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் அளவுக்கே ஒத்துப்போனார்கள். ஜூடித் ரிச் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1990களில் ஒரு படி மேலே போய், பிள்ளைகளின் குணத்தைப் பெற்றோரைவிடக் கூட்டாளிகள்தான் அதிகம் வடிவமைக்கிறார்கள் என்று எழுதியபோது பெரிய சண்டையே நடந்தது. அக்காவுக்குப் பிறவியிலேயே கொஞ்சம் தடித்த தோல், எனக்கு மெல்லியது. அதை வீடு செய்யவில்லை. ஆனால் மெல்லிய தோலோடு பிறந்த ஒருவன் எதற்கு அஞ்சக் கற்றுக்கொள்கிறான் என்பதில் வீட்டுக்குப் பங்கு இல்லை என்று யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

அம்மா விஷயம் வேறு. அம்மா எங்களுக்கு அறிவுரை என்று எதுவும் சொன்னதாக நினைவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகிறேன் என்றால் ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போவாள். முடியாது என்றால் முடியாது என்றே சொல்வாள், அழுதாலும் "பார்க்கலாம்" என்ற நழுவல் பதில் வராது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஒரு சின்ன ஆய்வைப் படித்தபோதுதான் உறைத்தது. மார்ஷ்மெல்லோ சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும்: குழந்தை முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, இப்போதே சாப்பிடாமல் காத்திருந்தால் இரண்டு தருகிறேன் என்பது. காத்திருக்கும் பிள்ளைக்கு மன உறுதி அதிகம் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2013இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அதையே கொஞ்சம் மாற்றிச் செய்தார்கள். முதலில் பிள்ளைகளிடம், படம் வரைய இதைவிட நல்ல பொருட்கள் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார் ஒருவர். பாதிப் பேருக்குச் சொன்னபடியே கொண்டுவந்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, இல்லை என்று மன்னிப்புக் கேட்டார். அதற்கப்புறம்தான் மிட்டாய். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாந்தவர்கள் மூன்றே நிமிடம். மொத்தம் 28 பிள்ளைகள்தான், சின்ன ஆய்வுதான். ஆனாலும் அந்த மூன்று நிமிடப் பிள்ளைகளை என்னால் குறை சொல்ல முடியவில்லை. சொன்னது வராது என்று இப்போதுதானே பார்த்தார்கள், கையில் இருப்பதைத் தின்றுவிடுவதுதானே புத்திசாலித்தனம்?

எனக்கு இருக்கும் ஒரே நல்ல குணம் என்று நான் நினைப்பது பொறுமை. அது என் சாமர்த்தியம் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், காத்திருந்தால் வரும் என்பதை அம்மா வாரம் தவறாமல் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் சும்மா நம்பினேன், அவ்வளவே.

இதை ஒருமுறை அம்மாவிடம் சொன்னேன். "அப்படியா? எனக்கு அதெல்லாம் ஞாபகமே இல்லையேடா" என்றாள். அப்பாவுக்கும் அவருடைய கேள்வி ஞாபகம் இல்லை, நான் எப்போடா அப்படிக் கேட்டேன் என்கிறார். இரண்டு பேரும் உட்கார வைத்துச் சொன்ன புத்திமதிகள் நிறைய இருக்கும் போல, அவர்களுக்கு அவைதான் நினைவில் இருக்கின்றன. எனக்கு ஒன்றுகூட நினைவில்லை.

சரி, இப்போது இதை எழுதக் காரணம். எனக்கு ஐந்து வயதில் ஒரு மகள். அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று அவள் பிறந்தபோதே முடிவு செய்திருந்தேன், கேட்டதும் இல்லை, அதாவது கேட்டதில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் உள்ளறையில் ஏதோ விழுந்து உடையும் சத்தம். நான் எழுந்திருக்கக்கூட இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. அதற்குள் உள்ளே இருந்து குரல் வந்தது: "நான் இல்லப்பா!"

போய்ப் பார்த்தேன். ஜன்னல் திறந்திருந்தது, காற்றில் ஒரு போட்டோ சட்டம் விழுந்து உடைந்திருந்தது. அவள் அறையின் அந்தக் கோடியில், கையில் கலர் பென்சிலோடு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.