சுத்தமாக இருந்த தட்டுகள்

அன்றைக்குக் காலையில் இன்குபேட்டரைத் திறந்து தட்டுகளை எடுத்து மேசையில் பரப்பியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. மூன்று நாளாக 37 டிகிரி சூட்டில் கிடந்த தட்டுகள். ஒரு பொருள் மரபணுவைக் கெடுக்குமா என்று பாக்டீரியாவை வைத்துப் பார்க்கும் ஏம்ஸ் டெஸ்ட் அது. சோதனைக்கு வந்திருந்தது பூச்சிமருந்து தயாரிப்பில் இடையில் உண்டாகும் ஒரு பொருள், அதற்கு மேல் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஐந்து வகை பாக்டீரியா, ஐந்து அளவு, ஒவ்வொன்றுக்கும் மூன்று தட்டு, எலி ஈரலில் செய்த கலவை சேர்த்து ஒரு செட், சேர்க்காமல் ஒரு செட், ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் கன்ட்ரோல் தட்டுகளையும் கூட்டினால் மொத்தம் 210. எண்ண ஆரம்பித்தேன். டிஏ98 என்ற பாக்டீரியா ரகத்தின் தட்டுகளில் முப்பது, முப்பத்தைந்து காலனி, அதாவது பாக்டீரியா பெருகி உண்டான புள்ளி. டிஏ100-இல் நூற்றுப்பத்து, நூற்றிருபது. அளவு ஏற ஏற எண்ணிக்கை ஏறவே இல்லை. பொருள் நெகட்டிவ், கெடுதல் இல்லை என்று மனதுக்குள் எழுதியே விட்டேன்.

கடைசியாகத்தான் பாசிட்டிவ் கன்ட்ரோல் அடுக்கை எடுத்தேன். அதில் நாங்கள் தெரிந்தே ஊற்றியது 2-அமினோஆந்த்ரசீன், மரபணுவைக் கெடுக்கும் என்று உலகத்துக்கே தெரிந்த பொருள். ஈரல் கலவையோடு சேர்ந்தால் தட்டு முழுக்கக் கடுகைக் கொட்டினாற்போலக் காலனி மொய்க்க வேண்டும். என் கையில் இருந்த தட்டில் முப்பத்து நான்கு இருந்தது. அடுத்ததில் முப்பத்தொன்று.

கை ஜில்லிட்டுவிட்டது. தயாரிப்புத் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தால், ஈரல் கலவையில் சேர்க்க வேண்டிய என்ஏடிபி என்ற துணைப்பொருளுக்கு எதிரே இருந்த கட்டம் காலியாக இருக்கிறது, கீழே என் கையெழுத்து. அது இல்லாமல் ஈரலில் உள்ள நொதிகள் வேலையே செய்யாது. எங்கள் மேடம் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஈரல் இருந்திருக்கு, ஆனா தூங்கிட்டு இருந்திருக்கு. எல்லாத்தையும் திரும்பப் போடும்மா" என்றார். திட்டவில்லை. போட்டோம்.

அந்த நாளை நான் மறக்காததற்குக் காரணம் தவறு செய்ததல்ல. பாசிட்டிவ் கன்ட்ரோல் என்ற அந்தச் சில தட்டுகள் மட்டும் இல்லாமல் இருந்தால், ஈரல் சேர்த்த தட்டுகள் அத்தனையும் எனக்கு "இல்லை, கெடுதல் இல்லை" என்று பொய் சொல்லியிருக்கும், நானும் நம்பிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். அவ்வளவு சுத்தமாக இருந்தன அந்தத் தட்டுகள்.

இந்த ஏம்ஸ் டெஸ்ட், கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த புரூஸ் ஏம்ஸ் உருவாக்கியது. 1960-களில் ஒருநாள் உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டில் அச்சிட்டிருந்த சேர்பொருள் பட்டியலைப் படித்தபோது, இதில் எது நம் மரபணுவைத் தொடும் என்று யாராவது பார்த்திருக்கிறார்களா என்று அவருக்குத் தோன்றியதாம். மரபணு கெட்டால் புற்றுநோய் வரலாம். அப்போது அதைக் கண்டுபிடிக்க இருந்த முக்கிய வழி எலிகளுக்கு இரண்டு வருடம் ஊட்டிவிட்டுக் கட்டி வருகிறதா என்று பார்ப்பது. செலவு மலை போல. புதுப் பொருட்களோ வருடா வருடம் வந்து குவிகின்றன.

அவர் செய்தது எளிமையான வேலை. சால்மொனெல்லா பாக்டீரியாவில், ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும் மரபணு பழுதான ரகங்களை எடுத்துக்கொண்டார். ஹிஸ்டிடின் ஊட்டாவிட்டால் அவை பட்டினி. அப்படிப்பட்ட பத்துக் கோடி பாக்டீரியாவை, ஹிஸ்டிடின் துளியூண்டு மட்டும் உள்ள அகார் என்ற கூழ் நிரப்பிய தட்டில் ஊற்றினால், நாலைந்து தடவை பிரிந்துவிட்டு அப்படியே நின்றுவிடும். ஆனால் சோதிக்கும் பொருள் மரபணுவில் கைவைக்கிறது என்றால், எங்கோ ஒன்றிரண்டில் அந்தப் பழைய பழுதே திருத்தப்பட்டுவிடும். "பாடம்" என்று இருக்க வேண்டியது "படம்" என்று பிழையாகிக் கிடக்கிறது என்று வையுங்கள், கண்டபடி கிறுக்குகிறவன் தற்செயலாக ஒரு கால் போட்டுவிட்டால் சரியாகிவிடும் இல்லையா, அதுபோல. அந்த ஒரு பாக்டீரியா மட்டும் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாக வளரும். புள்ளிகளை எண்ணினால் கிறுக்கல் எவ்வளவு என்று தெரிந்துவிடும். டிஏ100 எழுத்து மாறுவதைக் காட்டும், டிஏ98 எழுத்து விழுந்தோ நுழைந்தோ வரியே நகர்ந்துபோவதைக் காட்டும். பொருள் எதுவும் சேர்க்காமலே தானாகச் சில திருந்தும், அதனால்தான் எப்போதும் ஒரு அடிப்படை எண்ணிக்கை இருக்கும். அதைப் போல இரண்டு மடங்கு ஆகிவிட்டால் எங்களுக்கு வயிற்றைப் பிசையும்.

அப்புறம் ஈரல். என் பார்வையில் இதுதான் இந்தச் சோதனையின் உயிர். நாம் சாப்பிடும் ரசாயனம் வேறு, நம் உடம்பில் சுற்றும் ரசாயனம் வேறு. ஈரல் எதையும் அப்படியே விடாது. கரைத்து வெளியேற்றுவதற்காக வெட்டி ஒட்டி மாற்றும். அப்படி மாற்றும்போது சில நேரம் சாதுவான ஒன்றைக் கொலைகாரனாக்கிவிடும். பாக்டீரியாவுக்கு ஈரல் இல்லை. அதனால் எலி ஈரலை அரைத்து, 9000 ஜி வேகத்தில் சுழற்றி, மேலே தெளியும் திரவத்தை எடுத்துச் சேர்க்கிறோம். எஸ்9 என்று அதற்குப் பெயர் வந்தது அந்த 9000-ஆல்தான். மைனஸ் 80 டிகிரியில் உறைய வைத்திருப்போம், ஊற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஐஸில் வைத்து இளக்குவோம். வெளிர் செம்பழுப்பாக, கறிக்கடை வாடையோடு இருக்கும். முதல் வாரம் எனக்குக் குமட்டியது. இப்போது அந்த வாடை வராவிட்டால்தான் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது.

ஏம்ஸ் இந்த ரகங்களைக் காப்புரிமை வாங்கிப் பூட்டி வைக்கவில்லை, கேட்ட ஆய்வகங்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தார். 2024 அக்டோபரில், 95 வயதில் இறந்தார். அன்று எங்கள் ஆய்வகத்தில் வேலை வழக்கம்போலத்தான் நடந்தது, ஆனால் டிஏ98 குப்பியை உறைபெட்டியிலிருந்து எடுத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. டிஏ என்று தொடங்கும் இந்த ரகங்கள் அவருடைய ஆய்வகத்திலிருந்து கிளம்பி உலகம் முழுக்கப் போனவை.

இந்தச் சோதனை என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது அமெரிக்கக் குழந்தைகளின் இரவு உடை கதை. 1970-களில் அங்கே குழந்தைகளின் இரவு உடை சட்டென்று தீப்பிடிக்கக் கூடாது என்று விதி வந்தது. நல்ல நோக்கம்தான். அதற்காகத் துணியில் டிரிஸ் என்ற புரோமின் சேர்ந்த பொருளை ஏற்றினார்கள். ஆர்லீன் பிளம் என்ற வேதியியலாளரும் ஏம்ஸும் அதைப் பாக்டீரியா தட்டில் போட்டுப் பார்த்து, இது மரபணுவைக் கெடுக்கிறது என்று 1977 ஜனவரியில் வெளியிட்டார்கள். அதே வருடம் ஏப்ரலில் தடை வந்துவிட்டது. அந்த உடையைப் போட்டுத் தூங்கிய குழந்தைகளின் சிறுநீரிலேயே அந்தப் பொருள் சிதைந்து உண்டாகும் கழிவு இருந்தது என்று அடுத்த வருடம் காட்டினார்கள். (இந்த பிளம் அதே 1978-இல் பெண்கள் மட்டுமே கொண்ட குழுவை அன்னபூர்ணா சிகரத்துக்கு அழைத்துப் போனவர்.) டிரிஸுக்குப் பதிலாக வந்த குளோரின் டிரிஸும் சோதனையில் மாட்டியது. ஒன்றைத் தடுத்தால் அதன் தம்பி வந்து நிற்கிறான். எங்கள் வேலை முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜப்பானில் நடந்தது இன்னும் என்னை உறுத்துவது. ஏஎஃப்-2 என்ற பதப்படுத்தும் பொருளை 1965-இலிருந்து டோஃபுவிலும் மீன் சாசேஜிலும் சேர்த்து மக்கள் தினமும் சாப்பிட்டார்கள். எலிகளில் சோதித்து "பயமில்லை" என்று சொல்லப்பட்ட பொருள் அது. 1970-களின் தொடக்கத்தில் பாக்டீரியாவில் பார்த்தபோதுதான் மரபணுவைக் கெடுக்கிறது என்று தெரிந்தது, பிறகு கவனமாகச் செய்த விலங்குச் சோதனையில் கட்டியும் வந்தது, 1974-இல் நிறுத்தினார்கள். கிட்டத்தட்ட ஒன்பது வருடம்.

சரி, அப்படியென்றால் பாக்டீரியா சொல்வதுதான் வேதவாக்கா? அதுவும் கிடையாது. பென்சீன் ஏம்ஸ் சோதனையில் பொதுவாக மாட்டவே மாட்டாது. ஆனால் பென்சீன் ரத்தப் புற்றுநோய் தரும், அதோடு வேலை செய்தவர்களின் ரத்த அணுக்களில் குரோமோசோம் உடைந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ஆர்செனிக்கும் அப்படித்தான். எழுத்துப்பிழை செய்யாமல் பக்கத்தையே கிழிக்கிற பொருட்கள் இவை. பாக்டீரியாவில் நம்முடையது மாதிரி குரோமோசோம் அமைப்பு கிடையாது, கிழிசல் தெரியாது. அதனால்தான் மைக்ரோநியூக்ளியஸ் சோதனையையும் கூடவே செய்கிறோம். மைக்ராஸ்கோப்பில் ஒரு செல்லின் உட்கருவுக்குப் பக்கத்தில் நிலாவுக்குப் பக்கத்து நட்சத்திரம் போல ஒரு குட்டி உருண்டை தெரியும், உடைந்துபோய் வீடு சேராத குரோமோசோம் துண்டு அது. ஆயிரக்கணக்கான செல்களை எண்ண வேண்டும், கழுத்து பிடித்துக்கொள்ளும்.

ஈரலிலும் ஈரலுக்கு ஈரல் வித்தியாசம் உண்டு. 2018-இல் ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் வால்சார்டன் மாத்திரையிலும், 2019-இல் நம் வீடுகளில் வயிற்றெரிச்சலுக்கு விழுங்கிய ரானிடிடினிலும் என்டிஎம்ஏ என்ற, புற்றுநோய் தரக்கூடிய நைட்ரோசமீன் வகைப் பொருள் இருந்தது வெளியே வந்ததே, அந்த வகைப் பொருட்களை வழக்கமான எஸ்9 அளவு சரியாகப் பிடிக்காமல் விட்டுவிடலாம். இப்போது அவற்றுக்கு எலி ஈரலோடு ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற பிராணியின் ஈரலையும் வைத்து, எஸ்9-ஐ 30 சதவீதம் வரை கூட்டி, தட்டில் ஊற்றும் முன் அரை மணி நேரம் ஊறவைத்துச் செய்யச் சொல்கிறார்கள். அதே பாக்டீரியா, அதே பொருள், ஈரல் மட்டும் வேறு, விடை மாறிவிடுகிறது.

இதனால்தான் சொந்தக்காரர்கள் யாராவது ஒரு டப்பாவைக் காட்டி "லேப்ல டெஸ்ட் பண்ணி ஒண்ணும் இல்லைன்னு போட்டிருக்கு பாரு" என்றால் நான் சட்டென்று தலையாட்டுவதில்லை. எந்தச் சோதனை, எவ்வளவு அளவு, ஈரல் சேர்த்தார்களா, கெட்டதைப் போட்டபோது அந்தச் சோதனை கெட்டது என்று சொன்னதா? இதெல்லாம் தெரிந்தால்தான் அந்த "இல்லை"க்கு மதிப்பு. "கெமிக்கல் கிடையாது, இயற்கை" என்றால் இன்னும் கவலைப்படுவேன், காரணம் நான் தட்டில் பார்த்ததிலேயே மிக மோசமான பொருட்களில் ஒன்று இயற்கையானது.

பொங்கலுக்குத் திண்டிவனம் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா திண்ணையில் முறத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை போட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டதால் ஈரத்தோடு மூட்டை கட்டியிருந்தார்கள். நல்லது ஒரு பக்கம், சுருங்கிக் கறுத்துப் பச்சைப் பூஞ்சணம் பிடித்தது ஒரு பக்கம். கறுத்ததை ஒரு சட்டியில் சேர்த்து, "இது மாட்டுக்கு ஆவும்" என்றார்.

அந்தப் பச்சைப் பூஞ்சணம் விடும் விஷம் அஃப்லடாக்சின் பி1-ஆக இருக்கலாம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிக் குஞ்சுகள் செத்து, காரணம் தேடிய விசாரணை, தீவனத்தில் போட்ட, இந்த விஷம் ஏறிய பிரேசில் கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றது. 1974-இல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடி கிராமங்களில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளம் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஏம்ஸ் தட்டில் அஃப்லடாக்சினை ஈரல் இல்லாமல் போட்டால் பேசாமல் கிடக்கும், ஈரலைச் சேர்த்தால் காலனி பொங்கிவிடும், நானே பார்த்திருக்கிறேன். மரபணுவில் போய் ஒட்டிக்கொள்ளும் வடிவத்துக்கு அதை மாற்றுவது ஈரல்தான்.

"மாட்டுக்கும் போடாதம்மா" என்றேன்.

"ஏன்டி, அதுக்கு என்னா, நாலு வயிறு இருக்குது, செரிச்சிக்கும்."

"மாட்டுக்கும் ஈரல் இருக்குதும்மா. அது இந்த விஷத்தை வேற மாதிரி மாத்திப் பால்ல விட்டுடும். அந்தப் பாலைத்தான் பாப்பா குடிக்குது."

அஃப்லடாக்சின் எம்1 என்று அதற்குப் பெயர், பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டிலேயே வரம்பு இருக்கிறது, காய்ச்சினாலும் போகாது. இதை எல்லாம் நான் சொல்லவில்லை. பாப்பா என்றதுமே அம்மா சட்டியைப் பார்த்தார். அண்ணன் மகளுக்கு ஒன்றரை வயது, மதியம் ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர்.

கொஞ்ச நேரம் பேசாமல் பொறுக்கிக்கொண்டிருந்தவர், ஒரு பருப்பை எடுத்து விரலால் பிளந்து உள்ளே பார்த்தார். வெளியே நன்றாக இருந்தது, நடுவில் சாம்பல் பூத்திருந்தது. அதையும் சட்டியில் போட்டார். பிறகு நல்லது என்று ஒதுக்கி வைத்திருந்த பக்கத்தைத் திரும்பவும் முறத்தில் கொட்டி, முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிளக்க ஆரம்பித்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாயங்காலம் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தோம்.