பக்கத்து வீட்டுக்கு ஒரு லட்சம்

தண்டையார்பேட்டையில் எங்கள் சீனியர் ஆபீசுக்கு வருவதில் பாதி, லாரி மோதின கேஸ்தான். துறைமுகத்துக்குள் போகக் கன்டெய்னர் லாரிகள் ராத்திரி பகலாக வரிசை கட்டி நிற்கிற ஏரியா, வேறென்ன வரும். 2019ல் நான் கோட்டு போட ஆரம்பித்து ஒன்றரை வருஷம். காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார். மீன்பாடி வண்டி ஓட்டிய கணவர், வயசு 34, லாரி மோதி இறந்துவிட்டார். வீட்டில் இரண்டு பிள்ளைகள், மாமியார்.

"தம்பி, எங்க தெருவுல ஒரு அக்காவுக்கு, புருஷன் போனதுக்குன்னே தனியா ஒரு லட்சம் குடுத்தாங்க. எனக்கும் அதையே வாங்கிக் குடுத்துடு."

சட்டம் படிக்காதவர்தான், ஆனால் முன்தீர்ப்பு என்கிற விஷயமே இவ்வளவுதான்: அவளுக்குக் கொடுத்ததை எனக்கும் கொடு. தேடினால் ஆதாரமும் கிடைத்தது. ராஜேஷ் எதிர் ராஜ்பீர் சிங், 2013, உச்ச நீதிமன்றம், மூன்று நீதிபதிகள், மனைவிக்கு ஒரு லட்சம். தீர்ப்பின் தலையில் போடும் சுருக்கமான ஹெட்நோட்டில் மஞ்சள் பேனாவால் கோடு போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

ஹைகோர்ட் வளாகத்தில் சிறு வழக்குகள் நீதிமன்றம். நான் பேசி முடித்ததும் இன்சூரன்ஸ் வக்கீல் ஃபைலைக்கூடத் திறக்கவில்லை. "பிரணய் சேத்தி, 2017, அஞ்சு நீதிபதிகள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நீதிபதி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்த அந்தப் பார்வை இருக்கிறதே.

நடந்தது இதுதான். உச்ச நீதிமன்றம் அறிவித்த சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது அரசியலமைப்பின் 141வது பிரிவு. ஆனால் ராஜேஷ் தீர்ப்புக்குப் பத்து நாள் முன்னால்தான் ரேஷ்மா குமாரி வழக்கில் விபத்து இழப்பீடு பற்றி வேறு மூன்று நீதிபதிகள் தீர்ப்பு சொல்லியிருந்தார்கள். அதே எண்ணிக்கை உள்ள அமர்வு, முந்தையதைப் பின்பற்ற வேண்டும், ஒப்பவில்லை என்றால் பெரிய அமர்வுக்கு அனுப்ப வேண்டும். ராஜேஷ் அமர்வு அதைக் கவனிக்கவே இல்லை, அதனால் அது கட்டுப்படுத்தாது என்று பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொல்லி, மனைவிக்கு 40,000 என்று வைத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தன் தீர்ப்பு தன்னையே கட்டுப்படுத்தும் என்று 1898லிருந்து 1966 வரை பிடிவாதமாக இருந்தது. நம்ம ஊரில் அந்த வீம்பு இல்லை, அதனாலேயே ஜூனியர்களுக்கு வேலை ஜாஸ்தி.

பாரிமுனை டீக்கடையில் சீனியர் திட்டவில்லை, அதுதான் வலித்தது. "கடைசியா யார் என்ன சொன்னாங்கன்னு பார்த்தியா?" என்று மட்டும் கேட்டு, 2018ல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் சொன்ன ஒரு தீர்ப்பைக் கொடுத்தார். மேக்மா எதிர் நானு ராம். பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்கூட அந்த இழப்பீடு உண்டு, ஆளுக்கு 40,000.

அடுத்த வாய்தாவில் இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்தார். இரண்டு பேர் சொன்னது ஐந்து பேர் சொன்னதை மீறுமா? இந்த முறை படித்திருந்தேன். ஐந்து பேர் தொகையைத்தான் நிர்ணயித்தார்கள், பிள்ளைக்கும் தாய்க்கும் கிடையாது என்று எங்கேயும் சொல்லவில்லை. ஒரு தீர்ப்பு, தான் தீர்மானித்த கேள்விக்குத்தான் கட்டுப்படுத்தும். தீர்மானிக்காததை அதன் வாயில் திணிக்க முடியாது. நீதிபதி குறித்துக்கொண்டார்.

மற்றதெல்லாம் கணக்கு. மாத வருமானம் 15,000, வருங்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்து 21,000, நான்கு பேர் நம்பியிருந்ததால் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்து 15,750. அதைப் பன்னிரண்டால் பெருக்கி, 34 வயசுக்கு, எந்த வயசுக்கு எத்தனையால் பெருக்குவது என்று சரளா வர்மா தீர்ப்பு போட்ட அட்டவணைப்படி, 16ஆல் பெருக்கினால் 30,24,000.

தீர்ப்பு வந்த அன்று அந்த அம்மாவிடம் சொன்னேன். புருஷன் போனதுக்கு ஒரு லட்சம் இல்லம்மா, நாலு பேருக்கும் சேர்த்து ஒரு லட்சத்து அறுபதாயிரம்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ அந்த அக்காவுக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கே தம்பி, மீதி அவங்களுக்கு எப்போ வரும்?"

அவங்க கேஸ் முடிஞ்சு போச்சும்மா என்றேன். முடிஞ்சா என்ன என்றார்.