பழைய செங்கல் கட்டடத்துக்குப் பக்கத்துல புதுசு கட்டுறப்போ

நான் படிச்ச ஸ்கூல்ல பழைய மண்டபத்துக்குப் பக்கத்துல புதுசா ஒரு பில்டிங் எழும்புது, முன் செவரு பூச்சில்லாம செங்கல்லாவே தெரியணும்னு முடிவு. பழைய மாணவருங்க கூடினா பேச்சு பூரா கல்லு கலரைப் பத்தித்தான், நுவரெலியா போஸ்ட் ஒஃபீஸ் மாதிரி செவப்பா வரணும்னு ஒருத்தர் விடாம சொல்றாரு. 1894ல கட்டினது அது, எனக்கும் ரொம்பப் பிடிச்ச கட்டடம்தான். ஆனா கலருக்கு முன்னாடி கல்லோட உயரத்தையும் நடுவுல போடுற சாந்தையும் பாக்கணும், அதத்தான் நான் திரும்பத் திரும்ப சொல்லிக்கிட்டு இருக்கேன்.

பழைய மண்டபத்துக் கல்லு மூணு அங்குல உயரம், சாதாரணமா 75 மில்லிமீட்டர். இப்போ ஓர்டர் பண்ற கல்லு 65. பத்து வரிசை கல்லு (பத்து வரி) ஏறினா 100 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துரும், அதாவது ஒரு வரியே பிசகிப்போகும், ஜன்னலுக்கு மேல போற அலங்கார வரி பழைய பில்டிங்ல ஒரு மட்டத்துலயும் புதுசுல வேற மட்டத்துலயும் நிக்கும், அதுக்கப்புறம் கலர் எவ்வளவு ஒத்துப்போயும் பிரயோசனம் இல்ல. சாந்தை தடிப்பா வச்சு சரிக்கட்டலாம்னு சிலபேர் சொல்றாங்க, தயவுசெஞ்சு வேணாம், செவரு கோடு கோடா அசிங்கமாயிரும். சூளைக்காரங்கிட்ட அச்சு தனியா செஞ்சு வாங்குறதுதான் சரி, மண்ணு காயும்போதும் வேகும்போதும் சுருங்கும், அதனால அச்சு மூணு அங்குலத்தவிட கொஞ்சம் பெருசா இருக்கணும்.

சாந்து விஷயம் இன்னும் முக்கியம். 10 மில்லிமீட்டர் சாந்து வச்சு கட்டினா செவத்து முகத்துல ஆறுல ஒரு பங்கு கிட்ட சாந்துதான் தெரியுது. மேசன் பாஸ் மண்டபத்துச் செவத்த நகத்தால சுரண்டிக் காட்டினாரு, மஞ்சள் கலந்த வெள்ளையா மாவு மாதிரி உதிர்ந்துச்சு, சுண்ணாம்பு. "தம்பி, என்ன கல்லு கொண்டாந்தாலும் வெறும் சீமெந்துல கட்டினா சாம்பலாத்தான் தெரியும்"னாரு. புது செவத்துக்கு சீமெந்து ஒண்ணு, சுண்ணாம்பு ஒண்ணு, மணல் ஆறுன்னு கலக்கலாம், மணலோட நிறம் பாத்து எடுக்கணும். பழைய செவத்துல ஒடைஞ்ச எடத்துக்கு மட்டும் சீமெந்தே தொடக்கூடாது, நம்ம பக்கத்து மழையில கல்லு குடிச்ச ஈரம் சுண்ணாம்பு வழியாத்தான் வெளிய வரும், அந்த வழிய அடைச்சா கல்லு வழியா வந்து கல்லோட முகமே பொரிஞ்சு விழும்.

அப்புறம் அந்தப் பல்லு வரிசை. பழைய மண்டபத்துல கூரைக்குக் கீழ கல்ல 45 பாகையில திருப்பி மூலை வெளிய தெரியிற மாதிரி வச்சிருக்காங்க, வெயில் சாயிறப்போ ஒவ்வொரு மூலைக்குக் கீழயும் ஒரு முக்கோண நிழல் விழும், சின்ன வயசுல அசெம்பிளியில நின்னு அதையேதான் பாத்துக்கிட்டு இருப்பேன். பிளான்ல அதே வரிசை புது பில்டிங்குக்கும் இருக்கு, ஆனா அங்க கூரை நீட்டல் இல்ல, மொட்டை சிலெப். மழைத்தண்ணி நேரா அந்தப் பல்லுங்க மேலதான் நிக்கும், ஒரு மழைக்காலம் போனா பாசி. ஒண்ணு கூரைய நீட்டுங்க, இல்லாட்டி அந்த வரிசைய உள்பக்க வராந்தாவுக்குக் கொண்டுபோங்கன்னு எழுதிக் குடுத்திருக்கேன்.

கலரைப் பொறுத்தவரைக்கும், சூளையில நெருப்புக்குக் கிட்ட இருந்த கல்லு கருத்தும் தள்ளி இருந்தது வெளுத்தும் வரும், லொறிக்கு லொறி மாறும். அதனால ரெண்டு மூணு லொறி கல்ல கலந்துதான் எடுத்து வைக்கணும். பாஸ் மண்டபத்துக்குப் பக்கத்துல நாலடிக்கு சாம்பிள் செவரு ஒண்ணு கட்டியிருக்காரு, நனைஞ்சப்பவும் காஞ்சப்பவும் பத்தடி தள்ளி நின்னு பாக்கணும். வேலை முடியிற வரைக்கும் அத ஒடைக்கவேணாம்னு கேட்டிருக்கோம், புது லோட் வந்தா அதோட ஒப்பிட்டுப் பாத்துட்டுத்தான் கல்ல எறக்கணும்.